பீரங்கி மேட்டுப் பரங்கிக்காய்

அக்கரைச் சீமையில் ரப்பர் விலை விழுந்து, வேலையற்ற தமிழர்களை அரசாங்கமே கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த 1931-ஆம் வருஷத்தில், கிள்ளான் லியனார்டின் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறியது. லியனார்டுக்கு இதில் கோபம் இல்லை, ஒரு சந்தேகம் மட்டும்தான் இருந்தது. போனதே இல்லாத ஊருக்கு ஒரு மனுஷன் எப்படித் திரும்பிப் போவது? அவன் பிறந்தது கிள்ளான் ஆற்றங்கரையில், ரயில் கூலிகள் குடியிருந்த லயத்தில். நாகப்பட்டினம் என்பது அவனுக்கு அப்பா குடித்திருந்தால் மட்டும் வீட்டுக்குள் வருகிற ஒரு பெயர்.

அப்பா தண்டவாளம் போட வந்தவர். பன்னிரண்டு வயதில் லியனார்டுக்கும் தண்டவாளத்திலேயே ஒரு வேலை கிடைத்தது. கூட்டமாகக் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குக் கால் மைல் முன்னால் நின்று, ரயில் வந்தால் கத்த வேண்டும். பத்து வருஷம் கத்தினான். அவன் காவலில் ஒருவர் கால்கூடப் போகவில்லை. அவன் குரல் மட்டும் போகாத இடமில்லை. கிள்ளானில் அவன் கூப்பிட்டால் பல மைல் தள்ளியிருக்கும் காப்பாரில் கோழி திரும்பிப் பார்க்கும் என்பார்கள். மாதா கோயில் திருநாளில் காணிக்கையாக வந்த சேவலையும் தேங்காயையும் ஏலம் விடுவதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. அரை வெள்ளிச் சேவலை அவன் ஒன்பது வெள்ளிக்கு விற்ற வருஷம், அந்தச் சேவலே கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்ததாகக் கேள்வி.

வருஷத்தில் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அவன் பீரங்கி மேட்டுத் தோட்டக்காரன். ஊருக்கு வெளியே இருக்கும் அந்த மேட்டில் அறுபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு ராஜாக்கள் மோதிக்கொண்டார்கள். ஆற்றில் இறங்குகிற ஈயத்துக்கு வரி வாங்குவது நீயா நானா என்பதுதான் வழக்கு. கடைசியில் வரியை வாங்கியது வெள்ளைக்காரன். மேட்டில் மிஞ்சியது ஒரு நீண்ட மண்சுவர், ஒரு அகழி, குப்புற விழுந்து கிடக்கும் இரண்டு பீரங்கி. அரசாங்கம் அதைச் சுற்றிக் கம்பி போட்டு, இரண்டு பெஞ்சு வைத்து, பூங்கா என்று பலகை நட்டு, லியனார்டின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தது. பதினெட்டு வருஷம் ஆயிற்று. சுவர் சரிந்தது, பெஞ்சு ஒன்றை யாரோ வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், பலகையைக் கறையான் தின்றது. தேயாதது லியனார்டும் அவன் சொல்லுகிற சரித்திரமும்தான். வருகிறவர் முகத்தைப் பார்த்து அவன் ஜெயித்தவரை மாற்றுவான். சுவரில் இருந்த பெரிய ஓட்டையை எல்லோருக்கும் பீரங்கிக் குண்டு பாய்ந்த இடம் என்று காட்டுவான். அதைத் தோண்டிய உடும்பு மறுபக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

பஞ்ச காலத்தில் அரசாங்கத்துக்கு முதலில் கண்ணில் பட்டது பட்டாளச் செலவு அல்ல, இந்தத் துடைப்பம்தான். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நவம்பர் முடிவதற்குள் பொதுமக்கள் ஐநூறு வெள்ளி திரட்டிக் கொடுத்தால் சுவரைக் கட்டி, பீரங்கியை நிமிர்த்தி, பூங்காவைப் புதுப்பிக்கலாம், தோட்டக்காரனும் இருக்கலாம். திரட்டாவிட்டால் மேட்டைக் குத்தகைக்கு விடுவது, தோட்டக்காரனைக் கப்பலில் விடுவது.

உடனே பதினோரு பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். செயலாளர் சண்முகரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, உட்கார்ந்தவர். கப்பல் பட்டியலும் அவர் மேசையில்தான் இருந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறு மாதத்தில் கமிட்டி எட்டுத் தடவை கூடியது. அதில் நான்கு கூட்டம், இதைப் பூங்கா என்பதா, நினைவுத் திடல் என்பதா என்ற விவாதத்தில் போயிற்று. வசூல் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. அது போக, கமிட்டியார் எல்லோரும் கோட்டுப் போட்டு நின்ற போட்டோ ஒன்று.

நவம்பர் மாதம் பிறந்ததும் லியனார்ட் ஆபீசுக்குப் போனான். அவன் மகள் மகதலேனா பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப் பேரனையோ பேத்தியையோ கையில் வாங்காமல் கப்பலேறுவதில்லை என்று அவன் மனைவி வெரோனிகா முடிவு செய்திருந்தாள். வெரோனிகா முடிவு செய்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை.

"ஐயா, ஏலம் விடலாங்களா?"

சண்முகரத்தினம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதைக் காணும் ஏலம் விடுறது? பீரங்கியையோ?"

"இல்லீங்க. ஒரு பரங்கிக்கா இருக்கு."

"பரங்கிக்காயோ?"

"அகழில காச்சது. ஆள் கட்டிப்பிடிக்க முடியாது, அவ்ளோ பெருசு."

"அரசாங்க நிலத்திலை ஆர் அதைப் போட்டது?"

"தானா மொளச்சதுங்க."

"ஆடு கடிக்காமல் சுத்திவரக் கட்டின வேலி? அதுவும் தானா முளைச்சதோ?"

சண்முகரத்தினம் பேனாவை மூடினார். அது அவர் சிரிப்பதற்கு அடையாளம்.

கோயில் ஏலத்தின் சூட்சுமம் தெரியாதவர்களுக்கு ஒரு காயை வைத்து நானூறு வெள்ளி திரட்டுவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். சூட்சுமம் இதுதான். ஏலத்தில் எடுத்தவர் பொருளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. போனால், தின்பதற்காக எடுத்தான் என்று ஊர் பேசும். பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை ஒரு நிமிஷம் எல்லோரும் பார்க்க உயர்த்திக் காட்டிவிட்டு, "மறுபடி விடுங்க" என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்தவன் அதைவிட அதிகம் கொடுத்து எடுப்பான். அவனும் திருப்பிக் கொடுப்பான். இரண்டு பணக்காரர்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்காமல் இருந்தால் போதும், ஒரு தேங்காயிலே ஒரு கோபுரம் கட்டலாம்.

கிள்ளானில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சண்முகரத்தினம். மற்றவர் காப்பார் தோட்டத்து அய்யாவு கங்காணி. நானூறு தொழிலாளிக்குத் தலைவர், விரலுக்கு ஒரு மோதிரம், பேச்சுக்கு ஒரு மலாய் 'லா'. பேனா பிடித்தவனெல்லாம் பெரியவனா என்பது கங்காணியின் கட்சி. கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு மோதிரம் எதற்கு என்பது கிராணியின் கட்சி. லியனார்ட் இருவரிடமும் தனித்தனியாகப் போய், மற்றவர் வருகிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

நவம்பர் கடைசி ஞாயிறு காலை பூசை முடிந்ததும் மேட்டில் ஜனம் ஏறியது. ஏலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. சோறும் ரசமும் இலவசம். நூறு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்த கங்காணி, தன் பலத்தைக் காட்ட மூன்று லோரியை நாலு நடை ஓட்டி, தோட்டத்தையே இறக்கிவிட்டார். மண்சுவருக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்த வெரோனிகா, லோரியிலிருந்து இறங்கிய தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூட உதவிக்கு வந்திருந்த தோட்டத்துப் பெண் இராஜம்மாவிடம், "காய் பத்தாது. எவன் எதக் கொண்டாந்து வச்சாலும் வெட்டிப் போட்டுக்கிட்டே இரு" என்றாள்.

முன்னால், சந்தனம் பூசி, சாமந்தி மாலை போட்டு, நாற்காலியில் வீற்றிருந்தது பரங்கிக்காய். பக்கத்து நாற்காலியில் மாவட்டத்துத் துரை. மாலை அவருக்கும் போட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தொப்பியை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

லியனார்ட் குரலெடுத்தான். "இது சும்மா காய் இல்லீங்க. ராஜா ரத்தம் குடிச்ச மண்ணுல வெளஞ்ச காய். இதத் தொட்டவன் யாருக்கும் தலகுனிய மாட்டான். பத்து வெள்ளி, யார் கேக்குறது?"

"இருபது," என்றார் கங்காணி, எழுந்திருக்காமலே.

"இருபத்தொண்டு," என்றார் கிராணி.

"கிராணி ஐயா காச ஊறுகா மாதிரி தொட்டுத் தொட்டு வைக்கிறாரு லா. முப்பது."

கூட்டம் சிரித்தது. சண்முகரத்தினம் மீசையைத் துடைத்துக்கொண்டார். "எண்ணத் தெரிஞ்ச ஆள் ஒண்டொண்டாய்த்தான் எண்ணும். முப்பத்தொண்டு."

முதல் தடவை கங்காணி எடுத்தார், நாற்பதுக்கு. உயர்த்திக் காட்டினார், "மறுபடி விடு" என்றார். இரண்டாம் தடவை கிராணி. இடையில் ஒரு செட்டியார், ஒரு சாராயக் கடைக்காரர், ரயில்வேக்காரர்கள் பத்துப்பேர் கூட்டாக. காய் ஒவ்வொரு கையாக ஏறி இறங்கியது; ஒவ்வொரு கைக்கும் சந்தனம் ஒட்டியது. ஏழாம் தடவை சண்முகரத்தினம் எடுத்து முடித்தபோது, கமிட்டியின் பழைய பணத்தோடு சேர்த்து நானூற்று நாற்பத்து நான்கு. லியனார்ட் கங்காணியின் முகத்தைப் பார்த்தான். கங்காணி ஏற்கெனவே இடுப்புப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுபதுக்குக் குறைந்து வாய் திறக்கமாட்டார். எட்டாம் தடவையோடு காரியம் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் தொட்டில் கட்டலாம்.

அந்த நேரம் பார்த்துத் துரை பேச எழுந்தார். லியனார்டுக்குத் தொண்டை வறண்டிருந்தது. துரை பேசி முடிக்கிற வரையில் காய் வெயிலில் வாடக்கூடாதே என்று, கிராணியின் மடியிலிருந்து அதை வாங்கிச் சுவருக்குப் பின்னால் நிழலில் விரித்திருந்த பாயில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனான். பாயில் இரண்டு கத்தரிக்காயும் ஒரு வாழைப்பூவும் இருந்தன. சமையலுக்குக் காய் போடுகிற பாய் அது.

துரை சுருக்கமாக இருபது நிமிஷம் பேசினார். கைதட்டல் முடிந்ததும் லியனார்ட் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். பாயில் காய் இல்லை. அண்டாவிலிருந்து வாசனை வந்தது. நல்ல வாசனை. கடுகு, வரமிளகாய், தேங்காய்ப்பால்.

"வெரோனிகா. இங்க ஒரு பரங்கிக்கா வச்சேனே."

"வெட்டிட்டேன். நல்ல வேளையா கொண்டாந்து வச்சீங்க."

"வெட்டிட்டியா?"

"பின்ன, கட்டிக்கிட்டா தூங்குவாங்க?"

"மாலை போட்டிருந்துச்சே அதுக்கு."

"மாட்டுக்குப் போட்டுட்டேன்."

"சந்தனம் பூசியிருந்துச்சே, புள்ள."

"கழுவிட்டேன். சந்தனத்தோடயா கொழம்பு வைப்பாங்க?" அவன் முகம் போன போக்கைப் பார்த்து வெரோனிகா கரண்டியை நிறுத்தினாள். "அந்தக் காயா இது? ஏலம் முடிஞ்ச காய்னுல்ல நெனச்சேன்."

"அந்தக் காய்தான்."

"ஆத்தாடி," என்றாள் வெரோனிகா மெதுவாக. கரண்டி கையில் இருந்ததால், பழக்கம் காரணமாக உப்புப் பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.

லியனார்ட் அகழிக்கு ஓடினான். கொடியில் இன்னொரு காய் இருந்தது, தலையணை அளவுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கூட்டத்தில் நிலைமை தெரியாமல் யாரோ ஒருவர், "கொழம்புல தேங்காப்பால் உண்டா?" என்று கேட்டார்.

கங்காணி பையைத் திரும்பக் கட்டினார். "வேற காய்க்கு நான் எதுக்குக் காசு கட்டணும்? கிராணி கை பட்ட காயப் பறிக்கத்தான் வந்தேன். இது யாரும் தொடாத காய் லா. பாசார்ல அஞ்சு காசு."

சட்டம் பேசுகிற வேளை வந்தது சண்முகரத்தினத்துக்கு. எழுந்து கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "கொஞ்சம் பொறும். ஏழாம் தடவை காயை எடுத்தது நான். திருப்பி விடச் சொல்லி நான் இன்னும் சொல்லேல்லை. அப்ப காய் என்ரை. காய் என்ரை எண்டால் குழம்பும் என்ரை."

"முழு அண்டாவுமா?" என்றார் கங்காணி.

"முழு அண்டாவும்."

"உப்பு, மொளகா?"

சண்முகரத்தினம் யோசித்தார். நியாயமான மனிதர். "அது அந்த அம்மாவின்ரை," என்றார்.

துரை மொழிபெயர்க்கச் சொன்னார். மொழிபெயர்த்தார்கள். மறுபடி மொழிபெயர்க்கச் சொன்னார்.

லியனார்ட் இதற்குள் சுவர்மேல் ஏறி நின்றிருந்தான். "சட்டப்படி கொழம்பு ஐயாவுதுங்க. ஐயா கௌரவமான மனுஷர். கொழம்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாரா, இல்ல திருப்பிக் குடுப்பாரா? ஐயாவே சொல்லட்டும்."

நானூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் எட்டுக் கூட்டம் நடத்தியும் சண்முகரத்தினத்தை இத்தனை பேர் ஒரே சமயத்தில் பார்த்ததில்லை.

"மறுபடி விடும்," என்றார்.

அண்டாவைக் கம்பு கொடுத்து நாலு பேர் தூக்கிவந்து முன்னால் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் ஆவி துரையின் கண்ணாடியை மறைத்தது. லியனார்ட், "முழு அண்டா, பத்து வெள்ளி" என்று ஆரம்பித்தான். யாரும் விலை கேட்கவில்லை. அண்டாவை உயர்த்திக் காட்டுவது எப்படி என்ற கவலை கங்காணிக்கு. எட்டு வெள்ளி என்று இறக்கினான். அதற்கும் ஆளில்லை. பன்னிரண்டு வருஷ ஏலத்தில் அவன் விலையைக் கீழே இறக்கியதே இல்லை.

அப்போது இராஜம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பெயரும் புருஷன் வாசுவின் பெயரும் கப்பல் பட்டியலில் ஏறி ஒரு மாதமாகிறது. "அண்ணே, முழு அண்டாவ வச்சிட்டு நான் என்ன பண்ண? ஒரு கரண்டி ஊத்து. அஞ்சு காசு தரேன்."

லியனார்ட் அவளைப் பார்த்தான். அவள் பின்னால் நின்ற நானூறு தட்டுகளைப் பார்த்தான். பிறகு காப்பார்க் கோழிக்குக் கேட்கும்படி கத்தினான்.

"அஞ்சு காசு, ஒரு கரண்டி. ஒரு தரம்தான். ரெண்டு தரம், மூணு தரம் கெடயாது. வரிசையா வாங்க."

"நில்லு," என்றார் கங்காணி. "மொதக் கரண்டி எனக்கு. பதினஞ்சு வெள்ளி."

"இரண்டாம் கரண்டி பதினாறு," என்றார் சண்முகரத்தினம். "மேலாலை நிக்கிறது தண்ணி. காய் எல்லாம் அடியிலைதான் இருக்கும்."

அதற்குப் பிறகு வரிசை மேட்டைச் சுற்றி அகழி வரைக்கும் நின்றது. ஐந்து காசு இல்லாதவர்கள் மூன்று காசு போட்டார்கள். வெரோனிகா கரண்டியைக் குறைக்கவில்லை. ஏலத்தில் நாற்பதுக்கு மேல் கொடுத்தும் காயை வாயில் வைக்காத செட்டியார் இப்போது ஐந்து காசைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். துரை ஐந்து வெள்ளி போட்டு ஒரு கரண்டி சாப்பிட்டு, முகம் சிவந்து, தண்ணீர் கேட்டு, இன்னும் ஐந்து வெள்ளி போட்டார். எதற்கு என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்தப் போரில் எந்த ராஜா ஜெயித்தான் என்று மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. காய் நன்றாக வெந்திருந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்டா காலியானபோது ஐநூறுக்கு மேல் மூன்று வெள்ளிச் சொச்சம் இருந்தது. வெரோனிகா அண்டாவின் அடியை வழித்து லியனார்டின் தட்டில் போட்டு, "இனிமே எதயாச்சும் கீழ வச்சா, என்னான்னு சொல்லிட்டு வைங்க," என்றாள்.

திங்கட்கிழமை லியனார்ட் ஆபீசுக்குப் போனான். சண்முகரத்தினம் கப்பல் பட்டியலை எடுத்தார். அது இன்னும் பென்சிலில்தான் இருந்தது. மேசைக்குள்ளிருந்து ஒரு ரப்பர்த் துண்டை எடுத்து, தாளை ஊதி, லியனார்ட், வெரோனிகா என்ற இரண்டு பெயரையும் சுத்தமாக அழித்தார். ரப்பரால் யாருக்கும் ஒரு காசு பிரயோசனமில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது.

"போட்டு வாரும்," என்று விடை கொடுத்தார்.

லியனார்ட் போகவில்லை. "ஐயா, சுவர் கட்டக் கல்லு வருதுங்களா?"

"கல்லும் சுண்ணாம்பும் வியாழக்கிழமை வரும். கமிட்டி தீர்மானம் போட்டாச்சு."

"தூக்கறதுக்கு ஆளு?"

"ஆள் எண்டு தீர்மானத்திலை ஒண்டும் இல்லையே."

"கல்லு தானா மேட்டுல ஏறுங்களா?"

சண்முகரத்தினம் பேனாவை மூடினார். "உம்மடை பரங்கிக்கொடி ஏறும். கல்லு ஏறாது. எத்தினை பேர் வேணும்?"

லியனார்ட் இரண்டு பேருக்குத்தான் கேட்க வந்திருந்தான். ஆனால் ரப்பர்த் துண்டு இன்னும் கிராணியின் விரலுக்கு நடுவில் இருந்தது. பீரங்கி வேறு கனம். அதை நிமிர்த்த எத்தனை ஆள் வேண்டும் என்று கமிட்டியில் யாருக்குத் தெரியும்?

"பதினொண்ணு," என்றான். "கமிட்டிக்கும் அதே கணக்குதானுங்களே."

கிராணி பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பேரைச் சொல்லும். மெல்லச் சொல்லும், இது ஏலம் இல்லை," என்றார்.

லியனார்ட் மெல்லத்தான் ஆரம்பித்தான். வாசு, இராஜம்மா என்று இரண்டு பெயர் வரைக்கும் குரல் அடங்கியிருந்தது. மூன்றாவது பெயர் வெளி வராந்தாவில் கேட்டது. ஆறாவது பெயர் தெருவுக்கு எட்டியது. பதினோராவது பெயரைச் சொன்னபோது, எதிர் வாடையில் கடை மறைவில் குந்தியிருந்த ஒருவன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தான்.